இங்கேயே நின்னுடாதே

பெரிய வெள்ளியன்று காலை, கொமயாகுவா ஊரைத் தாண்டியதும் வரும் பெட்ரோல் பங்கில் ஒல்வின் வண்டியை நிறுத்தினான். பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பிய அவன் மனைவி டெல்மி, சின்னவனைப் பின் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தாள். கதவைச் சாத்துவதற்கு முன் கழிப்பறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே குரல் கொடுத்தாள்.

“நாகூம், வாடா போலாம். இங்கேயே நின்னுடாதே.”

டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஹோண்டுராஸில் தாய்மார்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. பிள்ளையின் உடம்பு சமத்தாக வண்டியில் ஏறிவிடும். உயிர் அப்படியில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டே எங்கேயாவது பின்தங்கிவிடும். அதனால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிள்ளை தன் வாயால் ‘இதோ வர்றேம்மா’ என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் சட்டென்று கிளம்பிவிடக் கூடாது. அது வந்து சேருகிற வரைக்கும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பேரை விட்டுவிட்டு வெறுமே செல்லம், கண்ணு என்று கூப்பிடுவதும் தப்பு. எந்தச் செல்லம் வந்து ஏறும் என்று யார் கண்டது? ஆற்றங்கரை, கல்லறை, பிள்ளை விழுந்து பயந்த இடம், இந்த மாதிரி இடங்களில்தான் மற்றவர்கள் கூப்பிடுவார்கள். டெல்மிதான் கழிப்பறையைக்கூட விடமாட்டாள்.

“இந்த நாத்தத்துல எந்த உயிர் நிக்கும்? என் உயிரே முன்னாடி ஓடிவந்து வண்டியில ஏறிடுச்சு,” என்றான் ஒல்வின்.

அதோடு விட்டானா? மூக்கைப் பிடித்துக்கொண்டு, சின்னவனின் கீச்சுக் குரலில், “இதோ வர்றேம்மா” என்று அவனே பதிலும் சொன்னான். அச்சு அசல் நாகூமின் குரல். சரக்கு லாரி ஓட்டுகிறவன் அவன். துணைக்கு ஆளில்லாமல் ஓட்டி ஓட்டி இந்த மாதிரிக் கூத்தெல்லாம் பழகி வைத்திருந்தான். ஆறு வயது நாகூமுக்கு ஒரே கொண்டாட்டம். அப்பா சொன்னது செல்லாது, நான்தான் சொல்லணும் என்று சீட்டில் குதித்தான். பிறகு அவனே சொன்னான். டெல்மி கொஞ்சம் பொறுத்துக் கதவைச் சாத்தினாள்.

தேலா கடற்கரைக்குப் போகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புனித வாரத்தில் கிடைக்கிற விடுமுறை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஒல்வினுக்கு லீவு கிடைக்காமல் போன விடுமுறை. நாகூம் கடலைப் பார்த்ததே இல்லை. தலைநகரில் மலைச்சரிவில் ஏறி நிற்கிற வீடு அவர்களுடையது. தண்ணீர் என்றால் லாரியில் வந்து டிரம்மில் நிரம்புகிற தண்ணீர்தான் அவனுக்குத் தெரியும். கிளம்பினதிலிருந்து வாய் ஓயவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் சுவர் இருக்குமா? ராத்திரியில் அதை யார் மூடுவார்கள்? மீனுக்குத் தாகம் எடுத்தால் அதே தண்ணியையா குடிக்கும்?

முன் சீட்டில் உட்கார்ந்து போனில் வழி பார்த்துக்கொண்டிருந்த அக்கா யரிட்சா பதின்மூன்று வயதுக்காரி. “அடுத்த கடையில இவன் வாய்க்கு ஒரு மூடி கிடைச்சா வாங்குங்க,” என்றாள். டெல்மிக்கும் தலை வலித்தது. கொஞ்ச நேரம் பேசாமல்தான் வாயேண்டா என்று அவளும் ஒரு தடவை சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு தன்னையே எத்தனை தடவை நொந்துகொண்டாளோ, அவளுக்குத்தான் தெரியும்.

சிகுவாதெபெக்கே ஊரைத் தாண்டியதும் பெரிய ரோடு அடைத்துக்கொண்டது. முன்னால் எங்கேயோ ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறதாம். போலீஸ்காரர்கள் வண்டிகளை மண் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். பைன் மரங்களுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு நெளிந்து நெளிந்து இறங்கிய ரோடு, பாசோ ஓந்தோ என்கிற ஆற்றுத் துறையில் போய் நின்றது. பாலம் கிடையாது. தண்ணீருக்குள் போட்டிருந்த சிமெண்டுத் தளத்தின் மேல் ஒவ்வொரு வண்டியாகக் கடக்க வேண்டும். தங்கள் முறை வருகிற வரைக்கும் ஜனங்கள் கரையில் இறங்கி, துண்டை விரித்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரித்து, அங்கேயே திருவிழாவை ஆரம்பித்துவிட்டார்கள். மரத்தடியில் ஒருத்தி பச்சை மாங்காயைச் சீவி உப்பும் மிளகுத்தூளும் தூவி விற்றுக்கொண்டிருந்தாள்.

பெரிய வெள்ளியன்று ஆற்றில் இறங்கினால் இடுப்புக்குக் கீழே மீனாகிவிடுவாய் என்று டெல்மி பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தாள். தேலாவுக்குப் போனாலும் இன்றைக்குக் கடலைப் பார்க்க மட்டும்தான், நாளைக்குத்தான் குளியல் என்று கிளம்பும்போதே பேச்சு. அதனால் நாகூம் கரையில் நின்று கல்லெறிந்துகொண்டிருந்தான். துறைக்குச் சற்றுக் கீழே ஆறு ஒரு மடுவாகத் தேங்கியிருந்தது. தண்ணீர் பச்சையாக, ஆடாமல் அசையாமல் கிடந்தது. மேலே ஆறு கல்லில் மோதி ஓடுகிற சத்தம் கேட்டது. மடுவுக்குப் பக்கத்தில் போனால் அதுவும் கேட்கவில்லை.

டெல்மி மாங்காயை வாங்கத் திரும்பினாள். அவ்வளவுதான்.

பின்னால் ‘தொப்’ என்று ஒரு சத்தம். இவன் பெரிய கல்லாகப் போட்டுவிட்டான்போல என்று நினைத்தபடி அவள் திரும்பிப் பார்த்தபோது கரையில் பிள்ளை இல்லை. ஒல்வின் சட்டையோடு குதித்தான். ஒரு தடவை முங்கி வெறுங்கையோடு எழுந்தான். மறுபடி முங்கினான். தண்ணீர் அவனுக்கு மேலே மூடிக்கொண்டு பழையபடி ஆடாமல் கிடந்தது. டெல்மி கையில் மாங்காயைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள்.

அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். கரையேற முடியாமல் தடுமாறினான். இரண்டு பேர் கை கொடுத்தார்கள். “என்ன கனம் கனக்கிறான்,” என்றான் மூச்சு வாங்கியபடி.

நாகூம் தண்ணீர் கக்கவில்லை. இருமவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். பக்கத்தில் சோறு பிரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி எழுந்து வந்து அவன் நாக்கில் ஒரு கல் உப்பு வைத்தாள். பையன் நன்றாகப் பயந்திருக்கிறான், கூப்பிடாமல் கிளம்பிவிடாதே என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். அதை டெல்மிக்குச் சொல்லவும் வேண்டுமா? ஆனால் அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனை அடிக்க ஆரம்பித்தன. அந்த இடத்தை விட்டு ஓடிவிட்டால் போதும் ஒல்வினுக்கு. ஏறு, ஏறு என்று அவளைப் பிடித்துத் தள்ளாத குறை.

அவள் பிள்ளையைத் துண்டில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஒல்வின் வண்டியின் பின்பக்கம் நின்று ஐஸ் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, மடுவைப் பார்த்து அவள் கூப்பிட்டாள்.

“நாகூம், வாடா போலாம். இங்கேயே நின்னுடாதே.”

மடியில் கிடந்தவன் வாயைத் திறக்கவில்லை. சொல்லுடா கண்ணா, வர்றேன்னு சொல்லு என்று கன்னத்தைத் தட்டினாள். பின்பக்கமிருந்து பதில் வந்தது.

“இதோ வர்றேம்மா. நில்லுங்க. ஒரு செருப்பைக் காணோம்.”

டெல்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை செத்துப் பிழைத்திருக்கிறான், இந்த நேரத்திலும் இவனுக்குக் கூத்தா? ஒல்வின் வந்து முன்னால் ஏறினதும் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு சாவியைத் திருப்பினான். பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விட்டதற்கான அடி என்று நினைத்துக்கொண்டான், பாவம். வண்டி துறையைக் கடந்து மேட்டில் ஏறியது.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் டெல்மி பிள்ளைக்கு வேறு சட்டை மாற்றினாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, சீட்டெல்லாம் கையை வைக்க முடியாமல் சுட்டது. பிள்ளையின் உடம்பு மட்டும் சில்லென்று இருந்தது. தலையைத் துவட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் முடி மறுபடி சொட்டச் சொட்ட ஈரம். இலை அழுகின வாசனை ஒன்று வண்டிக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்ட பிறகும் போகவில்லை.

யொஹோவா ஏரிக்கரையில், வறுத்த மீன் விற்கிற கடை ஒன்றில் சாப்பிட நிறுத்தினார்கள். கடலை முழுங்கிவிடுகிற மாதிரி பேசிக்கொண்டு வந்த பிள்ளை, எதிரில் அவ்வளவு பெரிய ஏரி கிடக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டில் முழு மீன், வறுத்த வாழைக்காய், ஊறின முட்டைக்கோஸ் எல்லாம் வந்தன. எதையும் தொடவில்லை. அவன் டெல்மியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். புது டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பார்க்குமே, அப்படி.

அவள் ஒல்வின்மேல் எரிந்து விழுந்தாள். உன் மிமிக்ரியை இனிமேல் என்னிடம் வைத்துக்கொள்ளாதே, அவன் சாகக் கிடந்த இடத்தில் உனக்கு விளையாட்டா என்று கேட்டாள்.

ஒல்வின் விழித்தான். “என்ன மிமிக்ரி? நான் அங்க வாயே திறக்கலியே. கயித்தோட ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இல்ல கட்டிட்டு இருந்தேன்?”

“பொய் சொல்லாதே. ‘நில்லுங்க, செருப்பைக் காணோம்’னு சொன்னது யாரு?”

யரிட்சா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “நாகூம்தானேம்மா சொன்னான்? எனக்கும் கேட்டுச்சே. ஆத்துப் பக்கத்துலேர்ந்து.”

மூன்று பேரும் மேஜைக்கு அடியில் பார்த்தார்கள்.

துண்டு விலகி, பிள்ளையின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இடது காலில் நீலச் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால்.

அதுவரைக்கும் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

டெல்மி அந்த வெறுங்காலைத் தொட்டுப் பார்த்தாள். அவன் பதில் சொல்லியிருக்கிறான். கூப்பிட்டதும் சமத்தாக, அவள் சொல்லிக்கொடுத்தபடி, தன் வாயால் பதில் சொல்லியிருக்கிறான். நில்லுங்க என்று கெஞ்சியிருக்கிறான். அவள் காதால் கேட்டுக்கொண்டே வண்டியில் போய்விட்டாள். கழிப்பறைக்கெல்லாம் நின்றவள், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் போய்க் கூப்பிட்டால் வந்துவிடும். ஓர் இரவு தங்கிவிட்டால் அந்த இடம் பழகிவிடும், பிறகு தாய் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒல்வினுக்கும் தெரியும், கேலி பண்ணுகிறவனுக்கும் தெரியாமலா இருக்கும்? அவன் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான்.

பெரிய ரோட்டில் சீக்கிரம் வந்துவிட்டார்கள். மண் ரோட்டு முனையில்தான் மாட்டிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து வண்டிகள் வரலாம், இங்கிருந்து போக முடியாது, குறுகலான ரோடு. ஒல்வின் கும்பிட்டுப் பார்த்தான். பிள்ளை அங்கே நின்றுவிட்டான் என்றான். போலீஸ்காரர் டெல்மியின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். “எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?” என்று கேட்டார்.

ஒல்வின் வாயைத் திறப்பதற்குள் டெல்மி கயிற்றுக்கு அடியில் குனிந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். யரிட்சாவை வண்டியில் பூட்டிவிட்டு அவன் பின்னாலேயே ஓடினான்.

எதிரே வண்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கார், வேன், பின்னால் மெத்தை விரித்துப் பிள்ளைகளை ஏற்றிய பிக்கப். புழுதியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகளின் முகங்கள். அவள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போனாள், ஏன் பார்க்கிறோம் என்று தெரியாமலே. ஆறு நெருங்க நெருங்க இடுப்பில் இருந்தவன் கனத்தான். கை மாற்றினாள். ஒல்வின் கேட்டபோது கொடுக்கவில்லை. பின்தங்கினது வந்து சேருகிற வரைக்கும் இதை விடக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

மாலை வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. கரையில் கூட்டம் கலைந்து, சோற்றுப் பொட்டலங்களும் மாங்காய்க் கொட்டைகளும் கிடந்தன. மடு அப்படியே இருந்தது. அவள் ஓரத்தில் நின்று கூப்பிட்டாள்.

“நாகூம், வாடா போலாம். இங்கேயே நின்னுடாதே.”

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். அம்மா வந்துட்டேண்டா, செருப்பு போனா போகட்டும், வேற வாங்கிக்கலாம் என்றாள். குரல் தண்ணீர்மேல் போய் அப்படியே அமுங்கியது.

ஒல்வின் கூப்பிட்டான். கூத்துக்குரல் இல்லை, சொந்தக் குரலில், பாதியிலேயே உடைந்துபோன குரலில் கூப்பிட்டான்.

ஒன்றும் இல்லை.

இடுப்பில் இருந்தவன் மடுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலி செய்துவிட்டு வந்த வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

மாங்காய்க்காரி கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று அங்கிருந்தே கேட்டாள். ஒத்தைச் செருப்போட ஒரு பையன் என்று டெல்மி சொன்னதும், ஓ, அவனா என்றாள். கரை ஓரமாகவே அழுதுகொண்டு போய்வந்து போய்வந்து திரிந்தானாம். எந்த வண்டிப் பிள்ளையோ, அப்பா அம்மா பக்கத்தில் எங்கேயாவது நிற்பார்கள் என்று அவள் நினைத்தாளாம். “அப்புறம் ஒரு வெள்ளை பிக்கப் கிளம்பிச்சு. அந்தம்மா அவ பிள்ளைங்களைக் கூப்பிட்டா. ‘வா செல்லம், போலாம், இங்கேயே நின்னுடாதே’ன்னு. இவன் ‘இதோ வர்றேம்மா’ன்னு சொல்லிட்டு ஓடிப்போய்ப் பின்னால ஏறிக்கிட்டான். அவங்க பையன்தான்னு நானும் விட்டுட்டேன்.”

“பேரு சொல்லிக் கூப்பிடலியா அவ?”

“இல்ல. செல்லம்னுதான் சொன்னா.”

டெல்மி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்த வண்டி, நம்பர் என்ன, எந்த ஊர்க்காரர்கள் என்று ஒல்வின் கேட்டுக்கொண்டே போனான். வெள்ளை பிக்கப். பின்னால் ரப்பர் டியூபெல்லாம் கட்டியிருந்தார்கள், கடலுக்குத்தான் போயிருப்பார்கள். அதற்குமேல் மாங்காய்க்காரிக்குத் தெரியவில்லை. வழியில் எதிரே எத்தனை வெள்ளை வண்டிகள் வந்தன. டெல்மி ஒவ்வொன்றையும் பார்த்தாளே. எதிலாவது இருந்தானோ? அம்மாவைப் பார்த்துக் கை காட்டினானோ? அந்தப் புழுதியில் அவள் எதைக் கண்டாள்?

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கிட்டே வந்த மாங்காய்க்காரி, அப்போதுதான் டெல்மியின் மடியில் இருந்தவனின் முகத்தைப் பார்த்தாள். நின்றாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இதே முகம்,” என்றாள் மெதுவாக. “இதே பையன்தான் இங்க அழுதுட்டு நின்னான். அப்ப இது யாரு, தாயே?”

பதிலுக்குக் காத்திருக்காமல், திரும்பிப் பார்க்காமல், வேகவேகமாக மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

அவர்கள் தேலாவுக்குப் போனார்கள். வேறு எங்கே போவார்கள்? சனிக்கிழமை முழுக்க டெல்மி கடற்கரையில் நடந்தாள். கடலோரம் முழுக்க ஜனங்கள். தேங்காய் ரொட்டி விற்கிறவர்கள், டிரம் அடிக்கிறவர்கள், மணலில் புதைந்து விளையாடுகிற பிள்ளைகள். எங்கே பார்த்தாலும் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்மியும் கூப்பிட்டாள். குரல் போகிற வரைக்கும் கூப்பிட்டாள். சிலர் அவளோடு சேர்ந்து தேடினார்கள். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். யரிட்சா போனில் காட்டினாள். போட்டோவைப் பார்த்துவிட்டு, ஒல்வின் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, முகம் மாறி நகர்ந்து போனார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கடற்கரையின் ஒரு முனையில், அலைச் சத்தத்துக்கு நடுவே, கடலுக்குச் சுவரே இல்லையே என்று ஒரு கீச்சுக்குரல் கேட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். அங்கே ஈர மணல்தான் இருந்தது.

உள்ளூர் பாதிரியாரிடம் போனார்கள். பையனின் தலையில் கை வைத்து ஜெபித்தவர், கையை எடுத்து அங்கியில் துடைத்துக்கொண்டார். டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். அதிர்ச்சி, தூங்கினால் சரியாகிவிடும் என்றார். அவன் தூங்கவில்லை. படுக்கையில் கண்ணைத் திறந்துகொண்டு, டெல்மியைப் பார்த்தபடி படுத்திருந்தான். தலையணையை இரண்டு தடவை மாற்றினார்கள், ஈரம் ஊறி ஊறி.

ஒல்வின் ஒரே ஒரு தடவை கேட்டான். “இவனை என்ன பண்றது, டெல்மி?”

என்ன பண்ணுவது? கன்னத்தில் அதே மச்சம். முழங்காலில் போன மாதம் படியில் விழுந்து ஏற்பட்ட அதே வடு. அவள் பெற்று, பாலூட்டி, குளிப்பாட்டின உடம்பு. இதை எங்கே கொண்டுபோய் விடுவாள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஊர் திரும்பினார்கள். நாடே திரும்பிக்கொண்டிருந்தது. கொமயாகுவாவுக்கு முன்னால் அதே பெட்ரோல் பங்கில் நுழைய வண்டிகள் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றன. ஒல்வின் பம்புக்குப் பக்கத்தில் வந்து, குழாயை வண்டியில் சொருகியிருந்தான். யரிட்சா கழிப்பறைக்குப் போயிருந்தாள். டெல்மி பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தக் கை வெள்ளிக்கிழமையிலிருந்து இன்னும் சூடேறவில்லை.

பங்கின் அந்தக் கோடியில் ஒரு பெண் குரல் கேட்டது.

“வா செல்லம், போலாம். இங்கேயே நின்னுடாதே.”

“வர்றேம்மா,” என்றது ஒரு பெண் குழந்தை. “வர்றேம்மா,” என்றது இன்னொன்று.

அதற்குப் பிறகு, கொஞ்சம் பின்னாலிருந்து, கீச்சென்று, மூன்றாவதாக ஒன்று.

“இதோ வர்றேம்மா. நில்லுங்க.”

டெல்மி பையனின் கையை விட்டுவிட்டு ஓடினாள். வண்டிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு, யார் மேலோ மோதி, மோதினவர் திட்டத் திட்ட ஓடினாள். வெள்ளை பிக்கப். பின்னால் ரப்பர் டியூபுகள். மெத்தையில் இரண்டு பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதாக ஒருவருக்கு இடம் விட்டு, ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி ரோட்டில் ஏறியது.

“நாகூம்!”

அவள் குரல்தான் நேற்றே போய்விட்டதே. காற்றுதான் வந்தது. ஒல்வின் அவளைப் பார்த்துவிட்டுக் குழாயைப் பிடுங்கி எறிந்து வண்டிக்குள் பாய்ந்தான். முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு பஸ். ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். வேன்காரன் இறங்கி வந்து, எங்கேய்யா போகச் சொல்றே என்று கையை விரித்தான். பெரிய ரோட்டில் வெள்ளை வண்டி மற்ற வெள்ளை வண்டிகளோடு சேர்ந்துவிட்டது. எது அது என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

வெள்ளை பிக்கப் நின்றிருந்த சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடங்கள் இருந்தன. கழிப்பறை வாசலிலிருந்து அந்த இடம் வரைக்கும், சின்னச் சின்னதாக, ஓடி வந்த தடங்கள். ஒன்று செருப்புத் தடம். ஒன்று வெறுங்கால்.

டெல்மி அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கையால் தொட்டாள். சூடான சிமெண்டில் அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவன் கழிப்பறை வாசலில் நின்றிருக்கிறான். வெள்ளிக்கிழமை காலையில் அவள் கூப்பிட்ட அதே இடத்தில் நின்றிருக்கிறான். அம்மா கழிப்பறையைக்கூட விடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் இன்றைக்குக் கூப்பிடவில்லை. மற்றொருத்தி கூப்பிட்டுவிட்டாள்.

“நாகூம்,” என்றாள், காற்று மட்டும் வருகிற குரலில். “நாகூம், வாடா போலாம்...”

பின்னாலிருந்து சில்லென்று ஒரு கை அவள் கழுத்தைச் சுற்றியது. இலை அழுகின வாசனை வந்தது. மூன்று நாளாக வாயைத் திறக்காதவன், அவள் காதுக்குப் பக்கத்தில், நிதானமாக, பெரிய ஆள் ஒருவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பேசினான்.

“யாரைக் கூப்பிடறே? நான்தான் வந்துட்டேனே.”

ஒல்வின் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தான். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் கையை விலக்கவும் முடியவில்லை. மச்சமுள்ள கன்னம் அவள் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நனைந்த தலைமுடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.